மண்ணும் மரமும்: எங்கள் தோட்டவீட்டின் ஓராண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் நாங்கள் இருவரும் வசிக்கிறோம். நான் மண்பாண்டம் செய்பவள். என் கணவர் தச்சர். சென்ற தையில் தொடங்கி இந்தத் தை வரை நாங்களே முன்னின்று கட்டிய வீட்டைப் பற்றியும், கட்டிக்கொண்டே தொழிலையும் நடத்திய விதத்தைப் பற்றியும் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த ஓராண்டில் என்னென்ன கட்டி முடித்தீர்கள்?

இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் கொண்ட ஓட்டுவீடு முதலாவது. அதை ஒட்டி, என் சக்கரமும் அவருடைய இழைப்பு மேசையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி ஒரு பட்டறை, சற்றுத் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராத திசையில் சூளைக் கொட்டகை, கூரைத் தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டி, இரட்டைக்குழிக் கழிப்பறை, ஆடுகளுக்குப் பரண் போட்ட கொட்டில். கிணறு முன்பே இருந்தது. சுற்றுச்சுவர் எழுப்பவில்லை, கிளுவை மரத்தின் போத்துகளை (கிளைத்துண்டுகளை) நட்டு உயிர்வேலி அமைத்திருக்கிறோம்.

தை மாதத்தில் தொடங்கியது வாஸ்து நம்பிக்கையினாலா?

தை 12 வாஸ்து நாள் என்பதால் அன்றே வானம் (அடித்தளக் குழி) தோண்டும்படி வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள்; நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாங்கம் குறிக்கும் எட்டு வாஸ்து நாட்களில் ஐப்பசி 11, கார்த்திகை 8 ஆகியவையும் உண்டு. அந்த நாட்களில் பூமி பூசை போடலாமே தவிர, எங்கள் பகுதியில் மண்சுவர் எழுப்ப முடியாது, ஏனெனில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் கொட்டும்.

உண்மையான காரணம் ஈரம். மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓடு, மரம் என்று நாங்கள் கையாளும் எல்லாமே ஈரத்தோடு தொடங்கிக் காய்ந்த பிறகே பயன்படுபவை. ஆனால் ஒவ்வொன்றும் காய வேண்டிய வேகம் வேறு. சுவருக்கு மாசி, பங்குனி வெயில் நேரடியாக வேண்டும். சுண்ணாம்புக்கு அந்த வெயில் ஆகாது. அது மெல்ல இறுக வேண்டும். பச்சை ஓட்டுக்கு முதலில் நிழலும் பிறகு வெயிலும் வேண்டும். அறுத்த மரத்துக்குக் காற்றோடும் நிழலும் பல மாதப் பொறுமையும் வேண்டும். ஆகவே ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தோம். ஐப்பசிக்குள் பூச்சு இறுகியிருக்க வேண்டுமானால் ஆவணியில் பூச வேண்டும். ஆவணியில் பூச வேண்டுமானால் ஆடிக்காற்றுக்கு முன் கூரை ஏறியிருக்க வேண்டும். வைகாசியில் கூரை ஏற வேண்டுமானால் பங்குனிக்குள் சுவர் நின்றிருக்க வேண்டும். அப்படி எண்ணியபோது தை மாதம்தான் கிடைத்தது. பணத்தைப் புரட்டலாம், ஆள் சேர்க்கலாம். காய வேண்டியதை விரட்ட முடியாது என்பதே இந்த ஆண்டின் அத்தனை முடிவுகளுக்கும் அடிப்படையாக இருந்தது.

சுவருக்கு எந்த மண்ணை எடுத்தீர்கள்? பானை செய்யும் மண்ணேதானா?

இல்லை. பானைக்கு ஏற்ற கண்மாய்க் களிமண்ணில் சுவர் எழுப்பினால் காயும்போது சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். சுவருக்கு மணலும் சரளையும் கலந்த செம்மண் வேண்டும். எங்கள் மேட்டு நிலத்திலேயே அது கிடைத்தது. மேல்மண்ணில் வேரும் இலைமக்கும் இருப்பதால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, அடியில் உள்ளதை எடுத்தோம். ஒதுக்கிய மேல்மண் இப்போது கத்தரிப் பாத்தியில் இருக்கிறது.

சோதிப்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி மறுநாள்தான் தெளியும். அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தால் எவ்வளவு களி இருக்கிறது என்று தெரிந்துவிடும். களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் சுவருக்கு நல்லது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மணல் சேர்க்க வேண்டும்.

கண்மாயில் மண் எடுக்க அனுமதி பெறுவது கடினமா?

முன்பு கடினமாக இருந்தது. 2024இல் தமிழ்நாடு அரசு விதியை எளிதாக்கி, விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கியது. கண்மாய் வற்றியிருக்கும் கோடையில்தான் அள்ள முடியும் என்பதால், ஓர் ஆண்டுக்கு வேண்டிய களியை அப்போதே கொண்டுவந்து குவித்து ஓலையால் மூடிவைத்துக்கொள்கிறோம்.

மண்சுவர் மழையில் கரைந்துவிடாதா?

மேலிருந்து நனைந்தாலும் அடியிலிருந்து ஈரம் ஏறினாலும் கரையும். இரண்டையும் தடுத்துவிட்டால் நிற்கும். எங்கள் கடைக்கால், அதாவது அடித்தளம், கருங்கல்லால் ஆனது. தரைக்கு மேல் முழங்கால் உயரம் வரை கல்லேதான் நிற்கிறது, அதன் மேல்தான் மண் தொடங்குகிறது. கூரையின் இறவாணத்தை (சுவருக்கு வெளியே நீளும் விளிம்பை) சுவரிலிருந்து மூன்றடி வெளியே நீட்டியிருக்கிறோம், ஆகவே சாரல் அடித்தாலும் சுவரின் கீழ்ப்பகுதியைத் தவிர வேறெங்கும் படாது. கீழ்ப்பகுதியைச் சுண்ணாம்புப் பூச்சு பார்த்துக்கொள்கிறது.

சுவரின் கனம் ஒன்றரை அடி. செம்மண்ணோடு வைக்கோலைத் துண்டுகளாக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்து, ஓர் இரவு புளிக்க வைத்து, மறுநாள் மீண்டும் மிதித்து உருண்டைகளாகப் பிடித்து அடுக்கினோம். ஒரே தடவையில் வைக்கும் அடுக்கு, அதாவது ஒரு படை, ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அடிப்பகுதி பிதுங்கும். அந்தப் படை விரல் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகே அடுத்த படை. ஓரங்களைக் காய்வதற்கு முன் மண்வெட்டியால் செதுக்கி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் காய்ந்த பின் அதைச் செதுக்குவது கல்லைச் செதுக்குவதற்குச் சமம். கதவு, சன்னல் நிலைகளை என் கணவர் முன்கூட்டியே செய்து நிறுத்திவிட்டார். நிலையின் மேல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சிறிது இடைவெளி விட்டு வைத்தார், சுவர் காய்ந்து அமிழும்போது அந்த இடைவெளி குறைந்தது.

கூரை ஓடுகளை நீங்களே செய்தீர்களா? கடையில் மங்களூர் ஓடு கிடைக்கிறதே?

கிடைக்கிறது. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அந்தப் பட்டை ஓட்டை எங்கள் பகுதியிலும் தொழிற்சாலைகளில் செய்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், வேகமாக வேயலாம், எடையும் குறைவு. பட்டறைக் கூரைக்கு நாங்களும் பழைய மங்களூர் ஓடுகளைத்தான் வாங்கிப் போட்டோம். வீட்டுக்கு மட்டும் நாட்டு ஓடு வேண்டும் என்பது என் பிடிவாதம். என் பாட்டனார் காலத்தில் எங்கள் வீட்டுச் சக்கரங்கள் பாதி நாள் ஓட்டுக்காகவே சுற்றின. இப்போது அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

நாட்டு ஓட்டைப் பலர் அச்சில் அழுத்திச் செய்வதாக எண்ணுகிறார்கள். சக்கரத்தில் செய்யும் முறை வேறு. சக்கரத்தின் நடுவில் களியை வைத்து, அடியில்லாத ஒரு குழலாக இழுத்து உயர்த்த வேண்டும்; ஒரு முனை மற்றதைவிடச் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு ஓடு அடுத்ததன் மேல் ஏறி உட்காரும். குழலை இறக்குவதற்கு முன் உட்புறத்தில் எதிரெதிராக இரண்டு கோடுகளைக் கம்பியால் மேலிருந்து கீழ்வரை கீறிவிடுவேன். முழுவதும் அறுத்துவிடக் கூடாது. அறுத்தால் காயும்போது ஒவ்வொரு பாதியும் தன் இஷ்டத்துக்கு வளையும். நிழலில் ஓரளவு இறுகி, நகத்தால் அழுத்தினால் கோடு விழும் ஆனால் குழி விழாது என்ற பதம் வரும்போது, குழலைக் கையில் எடுத்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் கீறிய இடத்தில் பிளந்து இரண்டு ஓடுகளாகக் கையில் விழும். பதம் முந்தினால் நசுங்கும். பிந்தினால் கோணலாக உடையும். அந்தப் பதம் சித்திரையில் அரை மணி நேரத்தில் வந்து போய்விடும் என்பதால், சாப்பாட்டுக்கு எழுந்தால்கூட யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

களி ஈரநிலையிலிருந்து வெந்து வரும் வரை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். இதனால் ஒரு வாக்குவாதமும் எழுந்தது. வரைபடத்தில் குறித்த அளவிலேயே ரீப்பர்களை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்களை) அடித்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். சூளையிலிருந்து ஓடு வெளியே வந்த பிறகு அதை அளந்துதான் ரீப்பர் இடைவெளியை முடிவுசெய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். ஓட்டை மரத்துக்கேற்பச் சுட முடியாது, மரத்தை ஓட்டுக்கேற்ப நகர்த்த முடியும் என்பதால் முதல் சூளை பிரிக்கும் வரை கூரை வெறும் கைமரங்களோடு (சரிவாகப் போடும் தாங்குமரங்களோடு) காத்திருந்தது.

சூளைக்கு என்ன எரிபொருள்?

சீமைக்கருவேலம். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கண்மாய்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்திருக்கும் அந்த மரத்தை அகற்றும்படி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. நின்று எரியும், நல்ல சூடு தரும். பச்சை ஓடுகளையும் பானைகளையும் அடுக்கி, இடையிடையே விறகும் வறட்டியும் வைத்து, மேலே வைக்கோல் பரப்பிச் சேற்றால் மெழுகி மூடுவோம். தொடக்கத்தில் வெறும் புகையாகத்தான் விட வேண்டும். மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும் முன் தீயை ஏற்றினால் உள்ளே படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும்.

கூரைக்கான பனங்கைகள் (பனைமரக் கைமரங்கள்) எங்கே கிடைத்தன? பனையை வெட்டினீர்களா?

ஒரு பனையைக்கூட வெட்டவில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாதிருந்தாலும் எங்களுக்குப் பழைய பனங்கைதான் வேண்டியிருந்தது. இடிக்கப்படும் பழைய ஓட்டுவீடுகளிலிருந்து வரும் கைமரங்களை மொத்தமாக விலை பேசி எடுத்தோம்.

பனையில் வைரம் எனப்படும் கெட்டிப் பகுதி வெளிவட்டத்தில் இருக்கும்; நடுவில் சோறு எனப்படும் மென்மையான பகுதி. இளம் மரத்தின் கட்டை பார்க்கப் பருமனாக இருந்தாலும் உள்ளே முழுக்கச் சோறாக இருப்பதால் பாரம் தாங்காது, பூச்சியும் விரைவில் ஏறும். வயதான பனையிலிருந்து எடுத்து, சோற்றை வாய்ச்சி என்ற தச்சுக் கருவியால் செதுக்கி நீக்கிய பனங்கையோ, கருத்து, இழை இழையாக, ஆணி அடித்தால் ஆணி வளையும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். பழைய கைமரங்களை வாங்கும்போது என் கணவர் ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் கல்லால் தட்டிக் கேட்டார். மந்தமாக ஒலித்ததை ஒதுக்கினார். சுவரில் புதைந்திருந்த முனைதான் முதலில் கெடும் என்பதால், எல்லாவற்றிலும் அந்தப் பகுதியை வெட்டி நீக்கினார். அதனால் நீளம் குறைந்து, வீட்டின் அகலத்தையே அரை அடி குறைக்க வேண்டியதாயிற்று. கிடைத்த மரத்துக்கேற்ப வீட்டை வரைவதுதான் சரி என்பது அவர் கட்சி. நானும் அதை ஏற்கிறேன்.

கதவு, சன்னல்களுக்கு என்ன மரம்?

நிலைகளுக்கும் கதவுகளுக்கும் வேம்பு, திண்ணைத் தூண்களுக்கு நாட்டுக் கருவேலம், அலமாரிகளுக்குப் பூவரசு. தேக்கு வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை, இருந்தாலும் வாங்கியிருப்போமா என்பது சந்தேகம்தான். வேம்பு அவசரப்பட்டால் முறுக்கிக்கொள்ளும். வெட்டிய கட்டையைச் சில மாதம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் உலர்த்தினால் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) விழுவது குறையும் என்பது பழைய தச்சர்களின் முறை. எங்கள் வேம்பு வீடு தொடங்குவதற்கு முன்பே கிணற்றடித் தொட்டியில் ஊறி, பலகையாக அறுபட்டு, பலகைகளுக்கிடையே குச்சி வைத்து அடுக்கப்பட்டிருந்தது. மூட்டுகள் எல்லாம் ஒரு மரத்தின் துளைக்குள் மற்றதன் கழுந்து (செதுக்கிய முனை) நுழையும்படி பொருத்தி மரஆணி அடித்தவை.

கரையானை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முழுமையாக ஒழிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கரையான் இருட்டிலும் ஈரத்திலும் மண்குழாய் கட்டித்தான் ஏறும். ஆகவே அது ஏறுவதை நம் கண்ணில் படச் செய்வதே முதல் பாதுகாப்பு. கல் கடைக்கால் வெளியே தெரியும்படி இருப்பதாலும், தூண்கள் தரையைத் தொடாமல் கல் பீடங்களின் மேல் நிற்பதாலும், கரையான் குழாய் கட்டினால் காலையில் பெருக்கும்போதே தெரிந்துவிடும். மரமுனைகளுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசியிருக்கிறோம். படகுக்கட்டைகளுக்குப் பூசுவது அதுதான். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், உறை இல்லாமல் தொடக் கூடாது.

சுண்ணாம்புப் பூச்சு செய்ய ஆள் கிடைக்கிறார்களா? முறை என்ன?

செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். காரைக்குடி வட்டாரத்தின் பெரிய வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார்களில் ஒருவரை அழைத்துவந்து, அவர் கீழ் நாங்கள் சிற்றாள்களாக வேலை செய்தோம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் அது கொதித்து நீர்த்துப்போகும். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும் என்பதால் கண்ணாடி அணியாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடவில்லை. நீர்த்த சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, தண்ணீருக்கடியிலேயே வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வழவழப்பு. தட்டிய கடுக்காயையும் வெல்லத்தையும் தனியே ஒரு பானையில் ஊறவைத்துப் புளித்த பின், அந்தத் தண்ணீரைச் சாந்தில் சேர்த்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல்.

சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. அதற்கு நாள் பிடிக்கும், அதுவரை ஈரப்பதமும் வேண்டும். ஆவணியில் பகல் வெயில் சுட்டதால் ஈரச்சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். மண்சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம், சுவருக்குள் இருக்கும் ஈரத்தை அது வெளியே விடாது. இரண்டு மழைக்காலத்துக்குப் பின் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். செட்டிநாட்டு வீடுகளில் கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். அந்தப் பளபளப்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை, கோழிகளும் அத்தனை முட்டை இடுவதில்லை.

அப்படியானால் சிமெண்டே பயன்படுத்தவில்லையா?

பயன்படுத்தினோம். தண்ணீர்த் தொட்டி இரும்புக் கம்பிவலையின் மேல் சிமெண்டு பூசியது; கழிப்பறைத் தளமும் சிமெண்டுதான். தீண்டக் கூடாது என்று விரதம் எதுவும் இல்லை. தண்ணீரைத் தேக்க வேண்டிய இடத்தில் சிமெண்டு, ஈரத்தை வெளியே விட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு.

மழைநீர்த் தொட்டி எவ்வளவு நிறைகிறது?

கூரையின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆகவே 50 மில்லிமீட்டர் பெய்த நாளில் 2,800 லிட்டர் விழும். ஓடு உறிஞ்சியதும் முதல் அழுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டதும் போக 2,200 லிட்டர் தொட்டிக்கு வரும். 10,000 லிட்டர்த் தொட்டி கார்த்திகை பாதியில் நிரம்பி வழிந்தது. வழிந்ததைக் கிணற்றுக்குத் திருப்பினோம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அது குழாய் அளவில்தான் நிற்கிறது. நாங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், சமைக்கிறோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு.

இரட்டைக்குழிக் கழிப்பறை நாறாதா?

நாறாது. ஒரு குழி நிறையும்போது மற்றதற்கு மாற்றிவிட்டு, மூடியதை ஓராண்டுக்கு மேல் அப்படியே விட்டால் உள்ளே இருப்பது காய்ந்து மக்கிய எருவாகிவிடும். இரண்டு குழிகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளியும், கிணற்றிலிருந்து போதிய தூரமும் இருக்க வேண்டும்.

கட்டட அனுமதி வாங்கினீர்களா?

வாங்கினோம். வீடு நிற்கும் இடம் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் சுயசான்றளித்து இணையவழியிலேயே அனுமதி பெறும் முறையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. மண்சுவர் என்பதற்காக யாரும் தடுக்கவில்லை; வங்கிக்காரர்கள்தான் தடுத்தார்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

மொத்தச் செலவு எவ்வளவு? கடன் கிடைத்ததா?

தொகையைச் சொன்னால் அதை அப்படியே சதுர அடியால் வகுத்துக்கொண்டு போகிறார்கள், அது பயன்படாது, ஏனெனில் ஓட்டுக்கும் மரவேலைக்கும் எங்கள் உழைப்புக்கு நாங்கள் விலை போடவில்லை. பொருளுக்குச் செலவானது குறைவு. மண் மிதிக்கவும், படை வைக்கவும், பூசவும் கொடுத்த கூலியே பாதிக்கு மேல். மண்வீடு என்றால் மலிவு என்று நினைத்து இறங்குபவர்கள் இதை முதலில் கணக்கிட வேண்டும். நீங்களே மிதிக்கத் தயாராக இருந்தால் மலிவு, இல்லாவிட்டால் செங்கல் வீட்டுக்கு ஆகும் செலவு ஆகும்.

நாங்கள் போன வங்கியில் மண்சுவர் வீட்டுக்குக் கடன் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே வீட்டுக்குச் சேமிப்பையும் நகையையும் பயன்படுத்தினோம். பட்டறைக் கருவிகளுக்கு மட்டும் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் விண்ணப்பித்தோம். 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் உள்ளன. 35 வயது நிறைந்தவர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் பெறலாம், 25 விழுக்காடு, உச்சமாக 50,000 ரூபாய் வரை மானியம் உண்டு. இது தவிர, பதிவுசெய்த மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. சூளை எரியாத மாதங்களில் அது அரிசிக்கு ஆகும்.

கட்டிக்கொண்டே தொழிலையும் எப்படி நடத்தினீர்கள்? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?

விடிவதற்கு முன் களி மிதிப்பேன். வெயில் ஏறினால் களியின் மேற்பரப்பு காய்ந்து கட்டி தட்டும். அந்த நேரத்தில் அவர் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு, கிணற்றடியில் இருந்து தண்ணீர் எடுத்துவருவார். பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி வரை சுவர் வேலை, கூலியாட்களோடு. உச்சி வெயிலில் ஆட்கள் மரத்தடிக்குப் போனதும் நான் சக்கரத்துக்கும் அவர் இழைப்பு மேசைக்கும் போய்விடுவோம். நான்கு மணிக்கு மேல் மீண்டும் சுவர். இரவில் கணக்கு எழுதுவது அவர். பானைகளைத் திருப்பி வைப்பது நான். தரையில் படும் பக்கம் மெதுவாகவும் மேல்பக்கம் வேகமாகவும் காய்வதால், திருப்பாவிட்டால் அடி விரியும்.

தொழில் நாட்காட்டி வீட்டு வேலைக்காக நகரவில்லை. சித்திரையில் தண்ணீர்ப் பானை, புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகையில் அகல் விளக்கு, மார்கழி முழுவதும் பொங்கல் பானை. இதில் கார்த்திகை விளக்குதான் சிக்கலானது: வாங்குவோர் வருவது மழையின் நடுவில், ஆனால் மழையில் விளக்கு காயவும் செய்யாது சூளை எரியவும் செய்யாது, ஆகவே ஆவணியிலேயே செய்து சுட்டு அடுக்கிவிட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சும் ஆவணியில்தான் என்பதால் அந்த மாதம் எங்கள் இருவருக்கும் தூக்கம் குறைவு.

இதற்கிடையில் பக்கத்து ஊர் அய்யனார் கோவிலுக்குப் புரவி எடுப்பு, அதாவது மண்குதிரைகளைக் காணிக்கையாக எடுத்துச்செல்லும் விழா, வந்தது. குதிரை செய்யச் சொல்லும் அடையாளமாக ஊர்க்காரர்கள் பிடிமண் (ஒரு பிடி மண்) கொடுத்துவிட்டால் மண்பாண்டக்காரர் வேறு எந்த வேலையையும் காரணமாகச் சொல்ல முடியாது. மண்குதிரைகளைப் பகுதி பகுதியாக வனைந்து, காயவைத்து, ஒட்டி, சுட்டு, வெள்ளை பூசிக் கொடுக்கும் வரை வீட்டு வேலை நின்றது. ஓடு வேய்ந்து முடிப்பது ஆடிக்காற்றின் தொடக்கம் வரை தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

கடம் செய்வீர்களா?

இல்லை. மானாமதுரைக் கடம் தனி வித்தை. பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டிச் சுருதி சேர்ப்பவர்கள் வேறு குடும்பத்தினர். 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது.

கணவனும் மனைவியும் சேர்ந்து கட்டினால் சண்டை வராதா?

வரும். ரீப்பர் விவகாரத்தை மேலே சொன்னேன். சமையலறைச் சன்னலின் உயரம், பட்டறையில் மரத்தூளும் ஈரக்களியும் ஒன்றாக இருக்கலாமா என்பது, ஆட்டுக் கொட்டில் எத்தனை அடி தள்ளி என்பது ஆகியவையும் நடந்தன. மரத்தூள் களியில் விழுந்தால் சுடும்போது எரிந்து ஓட்டை விழும், பானை ஒழுகும். ஆகவே பட்டறையின் நடுவில் கீற்றுத் தடுப்பு ஒன்று எழுந்தது. அவர் கைவேலையைப் பற்றி நானும், என் கைவேலையைப் பற்றி அவரும் வெளியாட்கள் முன் கருத்துச் சொல்வதில்லை என்ற ஏற்பாடு மட்டும் எழுதாமலே இருக்கிறது.

ஆண்டுதோறும் என்ன பராமரிப்பு வேண்டியிருக்கும்?

நாட்டு ஓட்டில் பூனையும் அணிலும் ஓடும், சில இடங்களில் குரங்கும். நகர்ந்த ஓடுகளை ஆவணிக்குள் சரிசெய்துவிட வேண்டும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்து, தூசு தட்டி, உடைந்ததை நீக்கி மீண்டும் வேய வேண்டும். உடைவதை ஈடுகட்டத் தனியாகச் சுட்டு அடுக்கி வைத்திருக்கிறோம். சுவருக்குப் பொங்கலுக்கு முன் ஒரு கை சுண்ணாம்பு. திண்ணைக்கும் தரைக்கும் சாணம் மெழுகுவது வாரந்தோறும்.

இதே வீட்டை எங்கள் ஊரில் கட்டலாமா?

உங்கள் ஊர் மண்ணைப் பொறுத்தது. விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இந்தச் சுவர் வேண்டாம். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், கடைக்காலையே தூக்கி அசைத்துவிடும். அங்கே வானத்தை ஆழமாகத் தோண்டி மணல் நிரப்பி, சுவருக்கு வெளியிலிருந்து செம்மண் கொண்டுவர வேண்டியிருக்கும், அதற்குச் செங்கல்லே மேல். கடற்கரை ஊர்களில் மணலில் உப்பு இருப்பதால் சுண்ணாம்புப் பூச்சில் வெள்ளையாகப் பூத்து உதிரும். ஆற்று மணலோ நன்றாக அலசிய மணலோ கிடைத்தால் மட்டும் முயலலாம். புதுக்கோட்டை, அரியலூர், திருவண்ணாமலை போன்ற செம்மண் பகுதிகளில் தாராளமாகக் கட்டலாம். எங்கானாலும் முதலில் புட்டிச் சோதனையைச் செய்து, ஓர் அடி உயரத்துக்கு ஒரு சிறு சுவரைத் தோட்டத்தில் எழுப்பி, கூரை போடாமல் ஒரு மழைக்காலம் விட்டுவைத்துப் பாருங்கள். அது எவ்வளவு கரைகிறது என்பதைப் பார்த்த பிறகு இறவாணம் எத்தனை அடி வேண்டும் என்பதை உங்கள் கொத்தனாரிடம் பேசலாம்.